அப்பளம் வராத இலை

எங்கள் பங்குச் சாமியார் கோயில் மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார். "சின்ன வயசுலேருந்து உழைச்சிருக்கீங்க, நாலு நாடு பாத்திருக்கீங்க, எழுதிக் குடுங்க. ஆனா பார்னு போட வேணாம். கோயில் மலரு பாருங்க. உணவகம்னு போட்டுக்கலாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஃபாதர், இதே யோசனைய கொரோனா சமயத்துல கம்போடியா அரசாங்கமும் எங்கிட்ட சொல்லிச்சு. அப்ப வேற வழியில்ல, கேட்டுக்கிட்டேன். இப்ப எதுக்குக் கேக்கணும்?" என்றேன். அவர் நல்ல மனிதர். "அப்டின்னா அந்தக் கதையவே எழுதுங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், அடுத்த பக்கத்தில் ஞானஸ்நானப் பட்டியல் இருக்கும்.

என் பெயர் அந்தோணி. ஊர் கடலூர் முதுநகர். படிப்பு ஆறாங்கிளாஸ், அதுவும் முழுசாக இல்லை. தொழில் பார். இந்த மாவட்டத்திலிருந்து போய், வெளிநாட்டில் சொந்தமாக பார் வைத்து, வெள்ளைக்காரனை வரிசையாக உட்காரவைத்து, வாழை இலையில் கையால் சோறு பிசைய வைத்த ஆள் என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் அவர் தாராளமாக என் வீட்டுக்கு வரலாம். நானே டீ போட்டுத் தருகிறேன். இதுவரைக்கும் யாரும் வரவில்லை.

தொழில் கற்றது பாண்டிச்சேரியில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் முதுகு போனதும் நான் படிப்பை விட்டு, ஒரு பாரில் கிளாஸ் கழுவப் போனேன். அங்கே மேனேஜர் லூர்து சார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி ஃபிரேம், வாயில் ஒரு ஏலக்காய். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. குடிக்கிறவர்கள் எல்லாரும் கத்துகிற இடத்தில் அவர் மட்டும் ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி பேசுவார்.

அவர் சொல்லிக்கொடுத்தது எல்லாம் ஒரே விஷயம்தான்: வாடிக்கையாளர் வாயிலிருந்து குறை வரக் கூடாது. அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதுதான் வேலை. கிளாஸைத் துடைக்க இரண்டு துணி, ஒன்று ஈரம், ஒன்று உலர்ந்தது. துடைத்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கிளாஸின் மேல் பாதியில் விரல் படக் கூடாது. சரக்கு மேசைக்கு வருவதற்கு முன்னால் தொட்டுக்கொள்ள ஏதாவது வந்திருக்க வேண்டும். ஐஸை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், சத்தம் வராமல் போட வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய பாடம், ஆளின் முகத்தைப் பார்க்காதே, தோளைப் பார். தோள் திரும்பினால் அவருக்கு ஏதோ வேண்டும். "கஸ்டமர் கையத் தூக்கிட்டா நீ லேட்டு, அந்தோணி" என்பார்.

தப்பு செய்தால் திட்ட மாட்டார். ஒரு நாள் நான் காற்றுப் போன சோடாவைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அந்த ஆள் "என்னாய்யா இது, கெணத்துத் தண்ணியா?" என்று கேட்டுவிட்டார். லூர்து சார் கண்ணாடியைக் கழற்றினார், மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். பிறகு தானே போய் அந்த மேசைக்குக் கடைசி வரை பரிமாறினார். என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றைக்கு நான் வைத்துக்கொண்ட வைராக்கியம் ஒன்று. இனிமேல் என் மேசையில் எவனும் குறை சொல்லக் கூடாது. அதன்பிறகு மலேசியாவில் ஓட்டல் பாரில் நின்றேன், தாய்லாந்தில் கடற்கரை பாரில் நின்றேன், கடைசியில் கம்போடியாவில் என் சொந்த பாரில் நின்றேன். எத்தனையோ நாட்டுக் குடிகாரனைப் பார்த்திருக்கிறேன். ஒருவன்கூடக் குறை சொன்னதில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கம்போடியாவில் என் ஊரின் பெயர் கம்போட். ஆற்றங்கரையில் சின்ன ஊர், மிளகுக்குப் பேர் போனது. ரிட்டையர் ஆன வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கும் விலைவாசிக்கும் ஆசைப்பட்டு அங்கேயே தங்கிவிடுவார்கள். என் பலகையில் இங்கிலீஷில் 'கடலூர் பார்' என்று எழுதியிருந்தேன். தொட்டுக்கொள்ள பண்ருட்டி முறையில் வறுத்த முந்திரி, பொரித்த அப்பளம். கல்லாவையும் சமையற்கட்டையும் பார்த்துக்கொண்டது சொபீப் என்கிற அந்த ஊர்ப் பெண்மணி. ஐம்பது வயது, பேரப்பிள்ளை எடுத்தவள், தைரியசாலி. தினமும் வரும் ஆட்களில் மூத்தவர் கென். லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அப்பளம் என்றால் உயிர். பீருக்காக வருகிறாரா அப்பளத்துக்காக வருகிறாரா என்று எனக்கே சந்தேகம்.

என் மனைவி செல்வி குமராட்சிக்காரி. சிதம்பரத்தில் ஜவுளிக்கடையில் வேலை செய்தபோது பார்த்தேன், பிடித்தது, கட்டிக்கொண்டேன். அவள் வீட்டில் எல்லாரும் ஆறு மாதத்தில் சமாதானம் ஆகிவிட்டார்கள், அவள் அண்ணன் கலியபெருமாளைத் தவிர. மச்சான் சிதம்பரத்தில் கல்யாண சமையல் மாஸ்டர். "வேற சாதி, வேற மதம், அதெல்லாம்கூட போவட்டும். கிளாஸ் கழுவறவனுக்கா பொண்ணக் குடுக்கறது?" என்று சொன்னவர். அதோடு பேச்சு நின்றது. எங்கள் மகள் கல்யாணத்துக்குக்கூட அவர்தான் சமைத்தார், ஆனால் என்னிடம் நேராகப் பேசவில்லை. "மாப்ளைய சாம்பார் ருசி பாக்கச் சொல்லு" என்று செல்வியிடம்தான் சொன்னார்.

கொரோனா வந்தபோது செல்வி மகளின் பிரசவத்துக்காகச் சிதம்பரம் வந்திருந்தாள். விமானம் நின்றது. அவள் இங்கே, நான் அங்கே. பேத்தி பிறந்தாள், போனில் பார்த்தேன். வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு மூக்கு, அவ்வளவுதான் தெரிந்தது. என் மூக்குதான்.

அதே வாரம் கம்போடியாவில் பார் எல்லாவற்றையும் மூடச் சொன்னார்கள். சாப்பாட்டுக் கடை மட்டும் நடத்தலாம், மேசைக்கு மேசை இடம் விட்டு, கூட்டம் சேராமல். கல்யாணம், சாவு, விழா எதுவும் கூடாது. கட்டடத்துக்காரர் வந்து கையைப் பிசைந்தார். "மூடிப்போட்ட கடைய நான் சும்மா வைக்க முடியாது. தொறந்திருந்தா உனக்கு, இல்லன்னா வேற ஆளுக்கு" என்றார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் அந்த பார் போனால் எனக்கு அந்த ஊரில் இருக்கக் காரணமே இல்லை, சொபீப்புக்கும் இரண்டு வேலையாட்களுக்கும் வேறு வேலையும் இல்லை. சாப்பாட்டுக் கடையாக மாற்றிக்கொள்கிறேன் என்று மனு கொடுத்தேன். சுகாதார அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார், உண்மையான சாப்பாட்டுக் கடைதான் என்று அவர் சொன்னால் பிழைத்தோம், இல்லையென்றால் ஷட்டர்.

மற்ற பார்க்காரர்கள் பீருக்குப் பக்கத்தில் ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவலை வைத்துவிட்டு ஓட்டல் என்று சொல்லி மாட்டிக்கொண்டார்கள். எனக்கு அந்த மாதிரி அரைகுறை வேலை பிடிக்காது. செய்தால் ஊரே பேசுகிற சாப்பாடாகச் செய்ய வேண்டும். மிளகு விளைகிற ஊர். மிளகு போட்ட சம்பா சாதமும் சிதம்பரம் கொத்சும் செய்தால் என்ன? சீரக சம்பா கிடைக்காது, ஆனால் அந்த ஊர் அரிசி நல்ல வாசனை. கத்தரிக்காய் இருக்கிறது, புளி இருக்கிறது. செய்யத் தெரிந்த ஆள்தான் இல்லை. செல்விக்குப் போன் போட்டேன்.

"கொத்சு நான் வச்சா வீட்டுக்குச் சரியா இருக்கும். கடைக்குன்னா எங்க அண்ணனக் கேளுங்க" என்றாள். "கல்யாணம் எல்லாம் நின்னுபோயி பாவம் மோட்டு வளையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு."

போன் போட்டேன்.

"யாரு?"

"அந்தோணி பேசறன் மச்சான்."

"எந்த அந்தோணி?"

"உங்க தங்கச்சியக் கட்டிக்கிட்டுப் போன அந்தோணி."

"ஓ. என்னா வேணும்?"

"கொத்சு எப்டி வைக்கிறதுன்னு சொல்லணும்."

"இத்தினி வருசம் கழிச்சி போன் போட்டு கொத்சு கேக்கறீங்க."

"வேற எதக் கேட்டாலும் குடுக்க மாட்டீங்கன்னுதான்."

அங்கே ஏதோ சத்தம் கேட்டது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு தொழில் குரல் வந்தது. "எத்தினி இலை?"

"பன்னண்டு பேரு வருவாங்க மச்சான்."

"பன்னண்டா? பன்னண்டு பேருக்குச் சமைக்க மாஸ்டர் எதுக்கு? நூறு இலைக்குக் கீழ எனக்கு அளவு வராது மாப்ள."

"நூறுக்கே சொல்லுங்க, நான் வகுத்துக்கறன்."

"புளிய வகுத்தா கொத்சு வருமா? உப்ப வகுத்தா ருசி வருமா? நூறு இலைக்குப் போடுங்க. சோத்து வாசனைக்கு ஆளு தானா வரும்."

இதில் அவரை அசைக்க முடியவில்லை. நானும் ஒரு மாஸ்டர் என்பதால் இன்னொரு மாஸ்டரின் வீம்பு எனக்குப் புரியும். சரி என்றேன்.

திறக்கிற நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் போனைச் சமையற்கட்டுச் சுவரில், வெளியே பந்திக்கும் தெரிகிற மாதிரி, ஆணியடித்து மாட்டினோம். சிதம்பரத்திலிருந்து மச்சான் முகம் தெரிந்தது, தோளில் துண்டு, நெற்றியில் விபூதி. அவருக்கும் சொபீப்புக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஆனாலும் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே சமைத்தார்கள்.

"அந்தம்மாவ கத்தரிக்காய எண்ணெயில நல்லா சுருள வதக்கச் சொல்லுங்க. தண்ணி ஊத்தி வேக வச்சா அது கொத்சு இல்ல, பத்தியச் சாப்பாடு."

சொபீப் அவள் மொழியில் ஏதோ சொன்னாள்.

"என்னா சொல்றாங்க?"

"சமையக்கட்டு அவுங்களதாம். வாய மூடச் சொல்றாங்க."

"கைப்பக்குவம் உள்ளவங்க அப்டித்தான் பேசுவாங்க" என்றார் மச்சான் மரியாதையாக.

தனியாவும் மிளகாயும் வறுத்துப் பொடித்துப் போட்டபோது தெருவே தும்மியது. மிளகும் சீரகமும் நெய்யில் பொரிந்து சாதத்தில் விழுந்தபோது ஆற்றில் படகு ஓட்டிக்கொண்டிருந்தவன் துடுப்பை நிறுத்திப் பார்த்தான். பாயசத்துக்குப் பனைவெல்லமும் தேங்காய்ப்பாலும். அந்த ஊர்ப் பனைவெல்லம் நம் ஊரதைவிட நல்லது. இதை நான் கடலூரில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன், யாருக்கும் பயமில்லை.

எல்லாம் ஆனதும் மச்சான் கேட்டார், "வாசல்ல வாழ மரம் கட்டினீங்களா?"

"எதுக்கு மச்சான், சாப்பாட்டுக் கடைதான?"

"மொதப் பந்தி போடற எடம். வாழ கட்டாம நான் ஒரு எலகூட போட்டதில்ல. கட்டுங்க."

வாழைக்கு அங்கே பஞ்சமா? கொல்லையில் குலை தள்ளிய மரம் இரண்டை வெட்டி வாசலில் இந்தப்பக்கம் ஒன்று அந்தப்பக்கம் ஒன்று கட்டினோம். நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சொபீப் நல்ல நாளுக்கென்று வைத்திருந்த பட்டுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொருத்தரிடமும் கை நீட்டிக் காசு வாங்கினால் நோய் தொற்றும் என்று வாசலில் ஒரு டப்பா வைத்தோம். சாப்பிட்டுவிட்டு அதில் போட்டுவிட்டுப் போக வேண்டியது.

மச்சான் சொன்ன மாதிரியே ஆள் தானாக வந்தது. என் பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், சந்தையில் காய் விற்கிற பெண்கள், படகுக்காரன். ஆற்றங்கரைப் புல்வெளி வரைக்கும் மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டோம். எல்லார் முன்னாலும் இலை. உப்பு முதலில், பிறகு கொத்சு, பிறகு சாதம் என்று மச்சான் சுவரிலிருந்து சொல்லச் சொல்ல, நாங்கள் வரிசையாகப் போய்ப் பரிமாறினோம். வெள்ளைக்காரர்களுக்குக் கையால் பிசையச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு ஜெர்மன்காரர் முழங்கை வரை பிசைந்தார். இவ்வளவு கலகலப்பை அந்த பார் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, அதுவும் ஒரு சொட்டு சரக்கு இல்லாமல்.

அந்த நேரத்தில்தான் அதிகாரி வந்தார்.

மெலிந்த மனிதர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கூட ஒரு உதவியாளர். வாசலில் நின்று வாழை மரத்தை மேலும் கீழும் பார்த்தார். டப்பாவைத் தட்டிப் பார்த்தார். உள்ளே வந்து வரிசையாக இலைகளைப் பார்த்தார். என் வேட்டியைப் பார்த்தார், சொபீப்பின் பட்டைப் பார்த்தார். பிறகு அவள் மொழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சொபீப் முகம் வெளுத்துவிட்டது.

"யாருக்குக் கல்யாணம்னு கேக்கறாரு" என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஊரிலும் கல்யாண வீட்டு வாசலில்தான் குலை வாழை கட்டுவார்கள். அந்த ஊரிலும் மொய் உண்டு, வாசலில் பெட்டி வைப்பார்கள். விருந்து கூடாது, மீறினால் கடைக்குச் சீல் என்று உத்தரவு இருக்கும்போது நான் எல்லா அடையாளத்தையும் வாசலிலேயே கட்டிவைத்திருக்கிறேன்.

"கல்யாணம் இல்லங்க, கடைதான்" என்றேன்.

"தட்டு எங்கே?"

"இலைலதான் பரிமாறுவோம்."

"மெனு கார்டு?"

"இன்னிக்கு எல்லாருக்கும் ஒரே சாப்பாடு."

"யாரும் எதையும் கேட்கவில்லை, எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே நேரம், வாசலில் மொய்ப்பெட்டி. மாப்பிள்ளை நீ, பெண் இந்த அம்மா. சரியா?"

சுவரிலிருந்து மச்சான் குரல் வந்தது. "என்னா மாப்ள கேக்கறாரு?"

"எனக்கும் சொபீப்புக்கும் கல்யாணம்னு சொல்றாரு மச்சான்."

"செல்வி இங்க பக்கத்துலதான் நிக்கிறா. சொல்லிடட்டா?"

அதிகாரி திரும்பினார். சுவரில் யார் கத்துவது என்று கேட்டார். சமையல் மாஸ்டர் என்றேன். எங்கே இருக்கிறார்? இந்தியாவில். அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டார். அவருடைய உதவியாளர், சமையல்காரருக்குக் காய்ச்சல் பார்க்க வேண்டும் என்பது விதி என்பதாலோ, விளையாட்டுக்கோ, கையிலிருந்த காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியைப் போனுக்கு நேராக நீட்டினான். மச்சான் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிவிட்டார்.

"மாப்ள, கொத்சு வச்சதுக்கா சுடறாங்க?"

மொத்தப் பந்தியும் சிரித்தது, அதிகாரியைத் தவிர. அவர் உதவியாளனைப் பார்த்த பார்வையில் எனக்கு லூர்து சார் ஞாபகம் வந்தது. இந்த ஆளைச் சிரிக்கவைத்து ஒன்றும் ஆகாது என்று தெரிந்துவிட்டது.

சரி, நம் வித்தையைக் காட்டுவோம் என்று இறங்கினேன். "கல்யாண வீட்டுல எல்லா எலையும் ஒண்ணா இருக்கும். இங்க பாருங்க" என்று, இலைகளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது மேசை ஜெர்மன்காரருக்கு நெய் அதிகம். அவருக்கு அடுத்த அம்மாவுக்குக் காரம் ஆகாது, கொத்சில் பாதிதான். ஓரத்து ஆட்டோக்காரருக்குச் சர்க்கரை நோய், பாயசம் கிடையாது. படகுக்காரருக்குச் சாதம் இரண்டு மடங்கு. அதிகாரி மேசை மேசையாகப் போய்ப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. எந்தப் பெரிய ஓட்டலிலாவது இப்படி ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம்.

அவர் திரும்பி வந்து அமைதியாகச் சொன்னார், சொபீப் எனக்குச் சொன்னாள்: "என் மாமனார் வீட்டுக்குப் போனால் எனக்கு மீன் தலை பிடிக்கும் என்று அவர்களுக்குக் கேட்காமலே தெரியும். சொந்தக்காரர்களுக்குத்தான் இவ்வளவு தெரியும். நீ சொன்னதில் இது கல்யாணம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது."

என் வித்தையே என் கழுத்துக்கு வந்தது. உதவியாளன் சீல் வைக்கிற சாமானை எடுக்க வண்டிக்குப் போனான். சொபீப் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவரில் மச்சானும், அவர் தோளுக்குப் பின்னால் செல்வியும், இருவருக்கும் நடுவில் துணியில் சுற்றிய என் பேத்தியும் தெரிந்தார்கள்.

அப்போது கடைசி மேசையிலிருந்து ஒரு குரல். கென். இங்கிலீஷில் அவர் பேசியதை நம் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன்.

"யோவ் அந்தோணி, என் எலைக்கு அப்பளம் வரல."

நான் ஆடிப்போய்விட்டேன். என் மேசையில் குறை. அந்த சோடாவுக்குப் பிறகு முதல் தடவையாக, அதுவும் எந்த நேரத்தில்.

"எல்லாருக்கும் வந்துது. எனக்கு வரல. ஒரு தடவ கேட்டேன், வருதுன்னாங்க. ரெண்டாந் தடவ கேட்டேன், அந்தச் செவுத்துல தொங்கறவரோட பேசிக்கிட்டிருந்த. நான் என்னா ஓசிலயா சாப்புடறேன்? காசு குடுக்கறவன்யா நானு."

அதிகாரி கையை நீட்டி எல்லாரையும் நிறுத்தினார். கென் பக்கத்தில் போய் நின்றார். "இந்தச் சாப்பாட்டுக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்களா?" சொபீப் மொழிபெயர்த்தாள்.

"குடுக்காம? ஆனா இந்த லட்சணத்துக்கு முழுசா குடுக்கணுமான்னுதான் யோசிக்கிறேன்" என்று கென் ஆரம்பித்தார். பஸ் ஓட்டிய காலத்தில் பயணிகளிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்த குறையெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. பரிமாறுகிறவர்கள் மெதுவாம். நாற்காலி ஆடுகிறதாம். முன்னால் உட்கார்ந்த ஜெர்மன்காரர் பாயசத்தை இவர்மேல் தெறிக்கவிட்டாராம். கடைசியாக, தான் பீர் குடிக்கத்தான் வந்ததாகவும் அதைக்கூடக் கொடுக்காமல் சோற்றைப் போட்டு உட்காரவைத்துவிட்டதாகவும் சொன்னார். அந்த ஒன்றை மட்டும் சொபீப் மொழிபெயர்க்கவில்லை.

அதிகாரி முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. கென் மூச்சு வாங்க நிறுத்தியதும் அதிகாரியின் தோள் குலுங்கியது. முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சொபீப்பிடம் சொன்னது இது: "கல்யாண வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவன் வீட்டுக்காரரிடம் இப்படிக் குறை சொல்ல மாட்டான். காசு கொடுக்கிறவன்தான் சொல்வான். இது கடைதான்."

உதவியாளனைத் திரும்பி வரச் சொன்னார். வாழை மரத்தை அவிழ்க்க வேண்டும், டப்பாவை எடுத்துவிட்டுக் கல்லா வைக்க வேண்டும், பலகையில் பார் என்கிற எழுத்தைத் துணியால் மூட வேண்டும். இந்த மூன்றையும் செய்தால் சாப்பாட்டுக் கடை நடத்தலாம் என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் ஒரு அப்பளத்தை எடுத்துக் கடித்துக்கொண்டே போனார்.

நான் சமையற்கட்டுக்கு ஓடிப்போய் மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன். "கல்யாணத்துல சாப்புட வர்றவங்க கொறையே சொல்ல மாட்டாங்களாம் மச்சான், அதனால இது கல்யாணம் இல்லன்னு விட்டுட்டாரு."

மச்சான் நம்பவில்லை. "கொறையே சொல்ல மாட்டாங்களா?"

"மாட்டாங்களாம்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாற்பது வருடமாக மாப்பிள்ளை வீட்டாரிடம் சாம்பாரில் உப்பில்லை, ரசத்தில் புளியில்லை என்று கேட்டுக்கொண்டே அடுப்பில் நின்ற மனிதர்.

"அப்டின்னா அந்த ஊர்ல தாராளமா பொண்ணு குடுக்கலாம் மாப்ள" என்றார். பிறகு, "நான்தான் தெரியாம பேசிட்டன்" என்று சேர்த்துக்கொண்டார். பின்னால் செல்வி அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று கென்னுக்கு நானே ஒரு கூடை அப்பளம் பொரித்துக் கொண்டுபோய் வைத்தேன். "எங்கள காப்பாத்தத்தான கென் அப்டி பேசினீங்க?" என்று கேட்டேன். அவர் ஒரு அப்பளத்தை முழுசாக வாய்க்குள் தள்ளி, மென்று முடித்து, "எதுலேருந்து காப்பாத்தினேன்?" என்றார். இன்றுவரை எனக்கு உண்மை தெரியாது.

விமானம் விடுகிற வரைக்கும் சம்பா சாதமும் கொத்சும் எங்களைக் காப்பாற்றின. மச்சான் தினமும் சுவரில் வந்து நின்றார். பார் திறக்கலாம் என்று உத்தரவு வந்த அன்று பலகைத் துணியை சொபீப்தான் கிழித்தாள். பிறகு முழங்கால் ஒத்துழைக்காததால் நான் பாரை அவள் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே இலைச் சாப்பாடு உண்டு. ஒரு பழக்கமும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாயசம் வருவதற்கு முன்னால் யாராவது ஒருவர் எழுந்து நின்று சத்தமாக ஒரு குறை சொல்ல வேண்டும். அதுவரைக்கும் யாரும் இலையை மடிக்கக் கூடாது. பெரும்பாலும் கென்தான் எழுந்திருக்கிறாராம்.

லூர்து சார் இருந்திருந்தால் இதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றியிருப்பார். ஆனால் மடித்துப் பைக்குள் வைத்திருக்க மாட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

போன வருடம் பேத்திக்குச் சிதம்பரத்தில் காது குத்தினோம். என் மூக்கு அப்படியே இருக்கிறது. வாசலில் வாழை மரம், உள்ளே நூறு இலை, அடுப்படியில் கலியபெருமாள் மச்சான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறினேன். பந்தியின் நடுவில் காட்டுமன்னார்கோயில் சம்மந்தி உட்கார்ந்திருந்தார். அரிசி மில் வைத்திருப்பவர், பெரிய மனுஷன். சாதம் போட்டாயிற்று, கொத்சு ஊற்றியாயிற்று. அவர் இலையைப் பார்த்தார், பக்கத்து இலையைப் பார்த்தார், தோள் திரும்பியது. எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்னாங்க இது, மரியாத? எல்லாருக்கும் வந்துது, இந்த எலைக்கு அப்பளம் வரல."

அடுப்படியிலிருந்து மச்சான் அப்பளக் கூடையோடு பாய்ந்து வந்தார். நான் பாதி வழியில் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பை அடக்கி அடக்கி அவர் உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது.

"இருங்க மச்சான்" என்றேன். "இன்னொரு தடவ சொல்லட்டும்."